பிளஷருக்குள் வைத்த பொரி

"எலி துன்னாலும் துன்னுட்டுப் போவட்டும். இந்த வண்டி திருத்தணி எல்லைய தாண்டாது."

கோவர்த்தனன் இப்படிச் சொன்னதை ஊரே கேட்டது. கோபத்தில் வந்த சொல்தான். ஆனால் கோபத்தில் சொன்னதைத்தான் ஊர் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. நல்ல மனசோடு சொன்ன ஆயிரம் வார்த்தையில் ஒன்றையாவது யாராவது திருப்பிச் சொல்லிக் கேட்டதுண்டா?

ஆந்திராவும் மெட்ராஸும் எல்லையைப் பங்கு போட்டுக்கொண்ட வருஷம் அது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது. புத்தூரை ஒட்டிய இவர்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. கோவர்த்தனனின் தம்பி சண்முகம், மெட்ராஸோடு சேரவேண்டும் என்று கொடி பிடித்துத் திரிந்தவன். எந்த சர்க்கார் வந்தால் என்ன, கிணற்றில் தண்ணீர் இருந்தால் சரி என்பவர் அண்ணன். சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் போதும், இரண்டு பேருக்கும் எல்லைத் தகராறு ஆரம்பித்துவிடும். கடைசியில் தம்பி, திருத்தணிக்குப் பக்கத்தில் மாமனார் வழியில் வந்த நிலத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, பெண்டாட்டியையும் கல்யாண வயதுக்கு வந்த மகள் சுலோசனாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். கிளம்புகிற அன்றைக்கு, பாகத்தில் பிளஷர் எனக்குத்தான் என்று வாசலில் நின்று கேட்டான். அப்போது வந்த வார்த்தைதான் அது.

காரை அந்தப் பக்கத்தில் பிளஷர் என்றுதான் சொல்வார்கள். இவர்களுடைய நைனா, கடலை நல்ல விலைக்குப் போன ஒரு வருஷத்தில் சித்தூரிலிருந்து வாங்கிவந்த கறுப்பு வண்டி. வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் கோவர்த்தனன் ஒருவர்தான். ஓட்டத் தெரியாத தம்பி எதற்குக் கேட்டான், கொடுக்க மனசில்லாத அண்ணன் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார் என்றெல்லாம் அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

தம்பி குடும்பம் போனபின் வீட்டில் கோவர்த்தனன் மட்டும். பெண்சாதி போய்ச் சேர்ந்து பல வருஷமாயிற்று, பிள்ளை இல்லை. சுலோசனாவைத் தூக்கி வளர்த்த கை அவருடையது. காலையில் வயல், மதியம் கூலிக்காரி பொங்கி வைத்துவிட்டுப் போன சோறு, சாயங்காலம் டீக்கடை. பேச ஆளில்லாமல் அவர் மாட்டோடு பேச ஆரம்பித்திருந்தார். மாடு எந்த மாகாணத்தையும் பற்றிக் கேட்கவில்லை, அது ஒரு சௌகரியம்.

இந்த நிலையில் ஆயுத பூஜை வந்தது.

அந்த வீட்டில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் இருந்தது. வண்டியைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. இங்கே அதோடு, பொரி, கடலை, வெல்லம், தேங்காய்த் துண்டு எல்லாம் கலந்து, மந்தாரை இலையில் பெரிய பொட்டலமாகக் கட்டி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அறைக்குள் வைப்பார்கள். கோவிலைச் சுற்றிவிட்டு வண்டி திரும்பியதும் சுலோசனா கதவைத் திறந்து, பொட்டலத்தை எடுத்து, தன் கையால் எல்லாருக்கும் பிடி பிடியாகக் கொடுக்கவேண்டும். அவள் கொடுக்காமல் யாரும் அதைத் தொடக்கூடாது. சின்ன வயதில் ஒரு தடவை, தான் எடுப்பதற்குள் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள் என்று வாசல் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்குப் பெரியப்பா போட்ட சட்டம் அது. பிறகு அது சாமி போட்ட சட்டம் மாதிரி ஆகிவிட்டது.

அந்த வருஷமும் கோவர்த்தனன் வண்டியைக் கழுவினார். எலுமிச்சம்பழம் வைத்தார். பொரிப் பொட்டலத்தைக் கட்டி உள்ளே வைத்தார். வண்டியை எடுக்கவில்லை. தீபாவளிக்காவது குழந்தையை அனுப்பமாட்டானா, வந்தால் அவள் கையாலேயே எடுக்கட்டும் என்று கதவைச் சாத்தி, மேலே படுதாவைப் போர்த்திவிட்டார். தீபாவளி வந்தது. அவள் வரவில்லை. கார்த்திகைக்கு வருவாள் என்று நினைத்தார். அதற்கும் வரவில்லை. எடுத்துத் தூரப் போட்டுவிடலாம் என்று ஒருநாள் வண்டிக் கொட்டகை வரை போனார். போட்டுவிட்டால் இனி வரமாட்டாள் என்று தானே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று தோன்றியது. திரும்பி வந்துவிட்டார். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

தை பிறந்ததும் புத்தூரிலிருந்து கமலம்மா வந்தாள். ஒன்றுவிட்ட தங்கை, இரண்டு வீட்டுக்கும் பொதுவானவள். சுலோசனாவுக்கு மெட்ராஸில் மாப்பிள்ளை முடிவாகியிருக்கிறது, கல்யாணம் திருப்பதியில் என்று சொல்லி, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தாள். பெண் அழைப்புக்கு நம்ம பிளஷரில்தான் ஏறுவேன் என்று பெண் ஒரே பிடிவாதமாம். சொல்லிவிட்டுக் கமலம்மா கொஞ்சம் தயங்கினாள்.

"சின்னவரு இன்னொண்ணும் சொல்லச் சொன்னாரு. வண்டி திருப்பதி வரிக்கும் வந்தா போதுமாம். எல்லைய தாண்ட வேணாமாம்."

இது குத்தலா, சமாதானமா? கோவர்த்தனனுக்குப் புரியவில்லை. இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும், தம்பியின் சுபாவம் அப்படி. ஆனால் பெண் கேட்டாள் என்பது மட்டும் அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கமலம்மாவை பஸ் ஏற்றிவிட்டு வந்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போய்ப் படுதாவை இழுத்தார்.

கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்.

பின் சீட்டின் வயிறு கிழிந்து, தேங்காய் நாரும் பஞ்சும் வெளியே தள்ளியிருந்தன. அதற்குள் கூடு கட்டி, குட்டி போட்டு, எலிகள் குடித்தனம் நடத்தியிருந்தன. சின்ன அறைக்குள் மந்தாரை இலையின் தூள் மட்டும் மிச்சம். ஒரு கடலைகூட இல்லை. பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். பொரி தீர்ந்தபின் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, ஒயர்களின் மேல் சுற்றியிருந்த துணியையும் ரப்பரையும் கடித்துக் குதறிச் செப்புக் கம்பியை வெளியே கொண்டுவந்திருந்தன. சாவியைத் திருகினார். வண்டி ஒரு முனகல்கூட முனகவில்லை.

கோவர்த்தனன் வண்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வண்டி போனதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. எலி தின்னட்டும் என்று அவர் வாயால் சொன்னது தம்பி காதில் இன்னும் இருக்கும். இப்போது எலி தின்றுவிட்டது என்று போய்ச் சொன்னால் எவன் நம்புவான்? சொன்னபடி செய்துவிட்டான், குழந்தை கல்யாணத்தில் பழி தீர்த்துவிட்டான் என்றுதான் நினைப்பான். சுலோசனாவும் அப்படி நினைத்துவிட்டால்? வேண்டுமென்று செய்யவில்லை என்று காட்ட ஒரே வழி, பொரியைப் பற்றிச் சொல்வது. அதைச் சொன்னால் நாலு மாதமாக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். அதற்கு அவருக்கு வாய் வராது. ஆக, எப்படியாவது வண்டியை ஓடவைத்துத் திருப்பதியில் கொண்டுபோய் நிறுத்திவிடவேண்டும்.

மறுநாள் சித்தூருக்கு பஸ் ஏறி, சிட்டிபாபு என்கிற மெக்கானிக்கைக் கையோடு கூட்டிவந்தார். பாதி தெலுங்கும் பாதி தமிழுமாக ஓயாமல் பேசுகிற ஆள். வெளிச்சம் போதாதென்று வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே கொண்டுவரச் சொன்னான். தள்ள ஆள் போதாமல் ஏர்மாட்டைப் பூட்டி இழுக்கவேண்டியதாயிற்று. பிளஷருக்கு மாடு கட்டிய வேடிக்கையைப் பார்க்க ஊர் கூடிவிட்டது. சீட்டைப் பார்த்துவிட்டு யாரோ, பெரியவர் வாக்கு பலித்துவிட்டதே என்றான். நாலு பேர் சிரித்தார்கள். கோவர்த்தனன் மாட்டின் கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தார்.

சிட்டிபாபு சின்ன அறைக்குள் கையைவிட்டு இலைத்தூளை எடுத்து முகர்ந்து பார்த்தான்.

"இன்னாணா, எலிங்கள விருந்துக்குக் கூப்டு பொரி வெச்சீங்களா?"

தெரியாமல் இருந்துவிட்டது என்றார் கோவர்த்தனன்.

ஒயர் முழுவதையும் மாற்றவேண்டியிருந்தது. கலர் கலராக ஒயர் கிடைக்காமல், பானெட்டுக்குள் எல்லாம் ஒரே சிவப்பு. பின் சீட்டுக்கு நாரும் பஞ்சும் திணித்து, நகரியில் வாங்கிவந்த கெட்டிக் கட்டம்போட்ட தறித்துணியை இழுத்துத் தைத்தார்கள். கறுப்புத் தோல் சீட்டுக்கு நடுவில் அந்தக் கட்டம் பளிச்சென்று தெரிந்தது. நாற்றம் போக வேப்பிலைப் புகை, சாம்பிராணிப் புகை எல்லாம் போட்டார். வண்டி கிளம்பியபோது சிட்டிபாபு கைதட்டினான். கோவர்த்தனன் சின்ன அறையைத் தன் துண்டாலேயே மறுபடி மறுபடி துடைத்தார்.

பெண் அழைப்பன்றைக்கு மத்தியானமே திருப்பதிக்குப் போய்விட்டார். பெண் வீட்டார் இறங்கியிருந்த சத்திரத்து வாசலில் வண்டியை நிறுத்தினார். சண்முகம் வெளியே வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். வா என்று சொன்னான், அண்ணா என்று சொல்லவில்லை. வண்டியைச் சுற்றிவந்து பின்கதவைத் திறந்தவன், கட்டம்போட்ட துணியை விரலால் அழுத்திப் பார்த்தான்.

"இது இன்னா?"

"எலி துன்னுடுச்சி."

சண்முகம் நிமிர்ந்தான். சுற்றி நின்ற உறவுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அன்னிக்கி சொன்ன. செஞ்சிட்ட."

கோவர்த்தனனுக்கு வேண்டுமென்று யாராவது செய்வார்களா, அவளைத் தோளில் போட்டு வளர்த்தவனடா நான் என்று கத்தவேண்டும்போல இருந்தது. ஆனால் முன்கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டு நின்றார். அத்தனை ஜனத்துக்கு நடுவில், கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்ததைவிட அதிகமாகத் தனியாக இருந்தார்.

சாயங்காலம் மேளக்காரர்கள் வந்ததும் பெண்ணை அழைத்துவந்தார்கள். சுலோசனா பின் சீட்டில் ஏறவில்லை. முன்கதவைத் திறந்து, பட்டுப்புடவையைச் சுருட்டிக்கொண்டு பெரியப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா பின்னால் வரச்சொல்லிக் கூப்பிட்டதை அவள் காதில் வாங்கவில்லை. உட்கார்ந்ததும் கை தன்பாட்டுக்குப் போய்ச் சின்ன அறையைத் திறந்தது. உள்ளே துழாவிற்று. மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த நகக்கண் அளவு மந்தாரை இலைத் துணுக்கு அவள் விரலோடு வந்தது. அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வருசமும் பொரி வெச்சியா, பெரிநைனா?"

"வெச்சேன்."

"யாரு எடுத்துக் குடுத்தாங்க?"

கோவர்த்தனன் ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

"யாரும் எடுக்கல. நீ வருவன்னு உட்டுட்டேன்."

சண்முகம் ஜன்னலுக்கு வெளியே, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அது அவன் காதில் விழுந்தது. முகம் எப்படி மாறியது என்று கோவர்த்தனன் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. மேளம் ஆரம்பித்தது. வண்டி நகர்ந்தது. மண்டபம் வரும்வரை தம்பி கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. வண்டியோடு கூடவே நடந்துவந்தான்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மாப்பிள்ளை வீட்டாரோடு சுலோசனா மெட்ராஸ் ரயில் ஏறவேண்டும், சண்முகம் குடும்பம் திருத்தணிக்குப் போகவேண்டும். வண்டியில் ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விட்டார். ரயில் வருவதற்கு முன்னால் சுலோசனா கடைக்குப் போய் ஒரு பெரிய பொரிப் பொட்டலம் வாங்கிவந்து அவர் கையில் வைத்தாள்.

"வூட்டுக்குப் போயி நீயே எல்லாருக்கும் குடுத்துடு, பெரிநைனா."

சரியென்று தலையாட்டினார். சண்முகம் கிட்டே வந்து, பார்த்துப் போணா என்றான். ஊருக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. அண்ணா என்று சொன்னானே, அதுவரைக்கும் சந்தோஷம் என்று கோவர்த்தனன் எடுத்துக்கொண்டார். ரயில் போனபின், பின்னால் யாரும் இல்லாத வண்டியை ஓட்டிக்கொண்டு புத்தூர் ரோட்டில் திரும்பினார். வழியெல்லாம் பொட்டலம் பக்கத்து சீட்டில் இருந்தது.

வெயில் தாழ்கிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தார். கூலிக்காரி சோறு பொங்கிவைத்துவிட்டுப் போயிருந்தாள். வண்டியைக் கொட்டகையில் விட்டு, பொட்டலத்தை மடியில் வைத்துப் பிரித்துக்கொண்டு, வண்டிப் படியில் உட்கார்ந்தார். எல்லாருக்கும் கொடு என்று சொல்லியிருக்கிறாள். ஒரு பிடி எடுத்து, கொடுப்பதுபோலத் தன் இடது உள்ளங்கையில் போட்டுக்கொண்டு மென்றார். அடுத்த பிடியை எடுத்துவிட்டு யாருக்கு என்று தெரியாமல் கையை நீட்டினபடி வைத்துக்கொண்டிருந்தார். மேலே ஓட்டுக்குள் சரசரவென்று சத்தம் கேட்டது.

கோவர்த்தனன் எழுந்து, வண்டிக்குத் தூரமாக, கொட்டகையின் எதிர் மூலையில் பழைய சாக்கொன்றை விரித்தார். மிச்சப் பொரியை அதில் கொட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடப் போனார். அந்த வீட்டில் எல்லாரும் என்றால் இப்போது அவரும் எலிகளும்தான்.