தலெந்தாவைக் கழித்த பதிப்பு

ஹம்ஸ் 2.3 வெளியான செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் கிரெம்தா சாலை நான்காவது கிலோமீட்டரில் குடியிருந்த தலெந்தா கம்மூனின் குரல் உலகத்தை விட்டுப் போயிற்று. அன்று சந்தையில் தக்காளி கிலோ ஆயிரத்து இருநூறு மில்லிம் காசு, மத்தி மீன் ஆறு தினார். அவள் அப்போது வாசலில் நின்றுகொண்டு, கேஸ் சிலிண்டரைத் தாமதமாகக் கொண்டுவந்தவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். திட்டின் பாதியில் குரல் நின்றது, வாய் நிற்கவில்லை. அந்த ஆள் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு, இந்த அம்மா இன்றைக்கு என்னவோ நல்ல மனநிலையில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போனான்.

ஹம்ஸ் என்பது அவள் தம்பி நௌஃபல் பதினெட்டு வருடமாகப் பராமரித்து வந்த கோடெக். பேச்சையும் பாட்டையும் சுருக்கித் தொலைபேசி வழியே அனுப்பி, அந்தப் பக்கம் மறுபடி விரித்துக் கொடுக்கிற நிரல். அது யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் இலவசம். மூல நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். சுருக்குவது என்றால் வேறென்ன, காது தேடாததைத் தூக்கிப் போடுவதுதான். ஹம்ஸ் தூக்கிப் போட்டது உலகத்திலிருந்தும் போய்விடும் என்பது 1.6 பதிப்பின்போதே ஊருக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பதிப்பில் மின்விசிறியின் ஓசை போனது. 1.9-இல் கொசுவின் ரீங்காரம் போனது, அதற்கு நகராட்சி ஒரு பெட்டி பாதாம் பருப்பு அனுப்பி நன்றி சொன்னது. 2.1-இல் சீதி மன்சூர் கரையில் அலையடிக்கிற சத்தம் போனது. மீனவர்கள் இரண்டு பேர் வீடு தேடி வந்து முறையிட்டார்கள். நௌஃபல் அவர்களுக்குக் காப்பி கொடுத்து, அனுப்புகிற அளவில் நூற்றுக்கு நாலு பங்கு மிச்சமாகியிருக்கிறது என்று விளக்கினான். அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு ஹயாத் மட்டும் ஒவ்வொரு பதிப்புக்கும் மதில் மேல் தலையை நீட்டி, "ஏம்ப்பா, அடுத்த தடவையாவது என் மாமியாரச் சேத்துக்கயேன், புண்ணியமாப் போகும்" என்பாள்.

மாமியார் போகவில்லை, தலெந்தா போனாள். கிரெம்தா சாலையில் அவளைப் போல உரக்கப் பேச ஆள் கிடையாது. தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் கரகரத்துப் போனதே தவிர சின்னதாகவில்லை. புருஷன் செத்ததும் மகள் ஸிரீனோடு தம்பி வீட்டுக்கு வந்தவள், சமையலறையில் பாதாம் அரைத்து, பன்னீர் மணக்கும் கஅக் வளையங்கள் செய்து கல்யாண வீடுகளுக்கு விற்றாள். பலகாரத்தைவிட அவள் குலவைக்காகத்தான் கல்யாண வீட்டார் அவளைக் கூப்பிட்டார்கள் என்று சொல்வதுண்டு. அவள் குலவை போட்டால் மூன்று தெரு தள்ளி இருப்பவனும் யார் வீட்டுப் பெண் என்று விசாரிப்பான். அப்படிப்பட்ட குரல் போனபோது தெருவுக்கு வருத்தம் இருந்ததா என்றால், இல்லை. பேரம் பேசாத பலகாரக்காரியை யாருக்குத்தான் பிடிக்காது? சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள், சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஒரு வருடம் கழிவதற்குள், அந்த அம்மா எப்பவுமே அமைதியான சுபாவம்தானே என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். வெட்கங்கெட்ட தெரு அது.

நௌஃபலுக்கு விஷயம் பிடிபட மூன்று நாள் ஆனது. ஹம்ஸைப் பராமரிப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு எது, சத்தம் எது என்று நிரலுக்குப் பழக்குவதற்காக ஆளாளுக்குத் தங்கள் வீட்டு ஒலியைப் பதிவு செய்து, 'பேச்சு' அல்லது 'சத்தம்' என்று ஒரே ஒரு சொல்லைத் தலைப்பில் எழுதி அனுப்புவார்கள். பதிவு செய்தவன் சொன்னால் சொன்னதுதான், மற்றவர் யாரும் திரும்பக் கேட்டுப் பார்ப்பதில்லை. 2.3-க்காக நௌஃபல் அனுப்பியது 'சமையலறை ஏழு'. பாதாம் அரைக்கிற இயந்திரம், நாற்பது நிமிடம், சத்தம். மூன்றாம் நாள் பழைய கணினியை எடுத்து, அதில் இன்னும் 2.2 ஓடிக்கொண்டிருந்ததால், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்டான். நாற்பது நிமிடமும் தலெந்தா பேசிக்கொண்டேயிருந்தாள். கடல் தாண்டி மார்செய்யில் வேலை பார்க்கிற ஸிரீனுக்கு அங்கேயே சூஸா ஊர்ப் பையன் ஒருவன் அமைந்திருக்கிறான், நம் ஊர்க்காரனாக இல்லையே என்று மனசு அடித்துக்கொள்கிறது, நீ என்னடா சொல்கிறாய், என்று ஐந்து தடவை கேட்டிருந்தாள். ஐந்து தடவையும் அவன் குரல் 'ம்ம்' என்றது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை என்பது உண்மை. பதிவு செய்யும்போது அங்கே யாரும் பேசியதாக அவனுக்கு ஞாபகமே இல்லை என்பது அதைவிடப் பெரிய உண்மை. அன்று அவன் அழுதான், அதை மறைக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் பழைய கணினியின் மைக் முன்னால் வந்து உட்காருவாள், அவன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வான். உலகத்தில் அவள் குரல் மிச்சமிருந்த ஒரே இடம் அது. ஹயாத்தின் காதில் மாட்டிப் பார்த்தான், அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஊரார் தொலைபேசிகள் தாமாகவே 2.3-க்கு மாறியிருந்தன, அதோடு சேர்ந்து அவர்கள் காதுகளும் மாறியிருந்தன. தலெந்தாவுக்கே தன் குரல் கேட்காது, தொண்டை அதிர்வதை வைத்துத்தான் பேசினாள். தன் தொலைபேசியைப் புதுப்பிக்காமல் வைத்திருந்த நௌஃபலின் காதுக்குத்தான், அதுவும் 2.2 வழியாக வந்தால்தான், அவள் கேட்டாள்.

"கேக்குதாடா?"

"கேக்குதுக்கா."

"நாசமாப் போறவனே, என் குரல எங்கடா கொண்டு போட்ட?"

"தப்பு நடந்துபோச்சுக்கா. அடுத்த பதிப்புல சரி பண்ணிடறேன்."

"உன் அடுத்த பதிப்புல தீய வெக்க. ஸிரீன் கூப்பிட்டா நான் பேசறது அவளுக்குக் கேக்கல. சூஸாக்காரன் வேணாம்னு நான் மூஞ்சத் தூக்கி வெச்சுட்டிருக்கேன்னு நெனைக்கிறா."

அவன் திருத்தம் எழுதினான். அது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலையில்லை. 'சமையலறை ஏழு' என்ற பதிவைச் சத்தங்களின் பட்டியலிலிருந்து எடுத்து, நிரலை மறுபடி பழக்கினால் முடிந்தது. ஆனால் ஹம்ஸில் ஒரு விதி இருந்தது. எழுதியவன் தன் திருத்தத்தைத் தானே சேர்க்கக்கூடாது. இன்னொருவர் கையெழுத்து வேண்டும், அதற்கு முன் பன்னிரண்டு ஊர்களில் பன்னிரண்டு பேர் பழையதையும் புதியதையும் எது எதுவென்று தெரியாமல் கேட்டு, வித்தியாசம் தெரிகிறது என்று சொல்ல வேண்டும். விதியை எழுதியவனே நௌஃபல்தான். அதில் அவனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல, மாநாடுகளில் அதைப் பற்றி மட்டுமே முக்கால் மணி நேரம் பேசுவான். பன்னிரண்டு பேரும் கேட்டார்கள். பன்னிரண்டு பேர் காதும் 2.3 காது. இரண்டிலும் பாதாம் அரைக்கிற சத்தம் மட்டுமே இருக்கிறது, வித்தியாசம் ஏதுமில்லை, புதியது நூற்றுக்கு மூன்று பங்கு பெரிதாக இருக்கிறது என்று எழுதி அனுப்பினார்கள்.

கையெழுத்துப் போட வேண்டியவன் தலைநகர் துனிஸில் இருந்த மெஜ்தி, கூடப் படித்தவன். ஸ்ஃபாக்ஸ்காரனை வம்புக்கு இழுப்பதென்றால் அவனுக்கு வெல்லக்கட்டி.

"என்னடா இது, ஒரு மில்லிம் விடாத ஊர்க்காரன் மூணு பங்கச் சும்மா தூக்கிக் குடுக்கற?"

"அதுல எங்கக்கா பேசறாடா மெஜ்தி."

"எனக்குக் கேக்கலயே."

"கேக்காதுடா, அதான் பிழையே!"

"கேக்காதத வெச்சுக்கக்கூடாதுன்னு எழுதுனது யாரு? நானா? உன் விதிடா, ராசா."

2.4 வந்தது, 2.5 வந்தது. ஒவ்வொரு தடவையும் திருத்தத்தை அனுப்பினான், ஒவ்வொரு தடவையும் 'நிகழ்த்திக் காட்ட முடியவில்லை' என்று எழுதி மூடினார்கள். 2.4-இல் தெருநாய் குரைப்பது போனது, 2.5-இல் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் முனகுவது போனது, டாக்டர்கள் ரொம்பத் திருப்தி என்றார்கள். மெஜ்தியின் கையெழுத்து இல்லாமலே திருத்தத்தைச் சேர்க்க நௌஃபலால் முடியாதா என்றால், முடியும். சாவி அவனிடம்தான் இருந்தது. ஒரு வரி கட்டளை அடித்தால் அரை மணி நேரத்துக்குள் உலகத்தின் எல்லாக் காதுகளிலும் தலெந்தா திரும்பியிருப்பாள். ஆனால் விதியை எழுதியவன் விதியை உடைத்தான் என்ற பேர் வரும். அந்தப் பேருக்கு அவன் பயந்தான். அக்காவிடம் மட்டும், அடுத்த பதிப்பு, அடுத்த பதிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இரண்டாவது வருடம் ஸிரீனுக்கும் சூஸா பையனுக்கும் நாள் குறித்தார்கள். ஜூலை கடைசிச் சனிக்கிழமை, ஸ்ஃபாக்ஸில். ஊருக்கு வந்திறங்கிய ஸிரீன் மாமனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மாமா, அம்மாவுக்கு எம்மேல என்ன கோவம்? போன் பண்ணா ஒரு வார்த்த பேசறதில்ல. எழுதிக் காட்டறா. குரல் போச்சுன்னு எழுதினா நம்பறதுக்கு நான் என்ன சின்னப் புள்ளையா? கல்யாணத்தன்னைக்கும் இப்படி ஊமையா நின்னான்னா, மாப்ள வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க?"

"அவளால பேச முடியலம்மா, அதுக்குக் காரணம்..."

"மாமா, நேத்து ஹயாத் அக்காகிட்ட வாய் வலிக்கப் பேசிட்டிருந்தா, மாடி ஜன்னல்லேர்ந்து நானே பாத்தேன். எனக்குத்தான் எதுவும் குடுக்க மாட்டேங்கறா."

அன்று மதியம் தலெந்தா மைக் முன்னால் உட்கார்ந்தபோது திட்டவில்லை. "தம்பி, பலகாரம் விக்கறதுக்கு எனக்குக் குரல் வேணாம். சண்ட போடறதுக்கும் வேணாம். எம்பொண்ணு மண்டபத்துக்குள்ள காலெடுத்து வெக்கறப்ப ஒரே ஒரு குலவ. அவ காதுல அது விழுந்தாப் போதும், அவளுக்குப் புரிஞ்சிடும். அதுக்கப்புறம் நீ மறுபடி எடுத்துக்க. வருமா வராதா, அத மட்டும் சொல்லு" என்றாள்.

"வரும்க்கா. சனிக்கிழம சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியாகுது. ஏழு மணிக்குப் பொண்ணு உள்ள வர்றப்ப நீ போடலாம்" என்றான். சொன்னபோது மனசாரத்தான் சொன்னான். கையெழுத்து இல்லாமலே சேர்த்துவிடுவது என்று முடிவு செய்து, கட்டளையைக்கூட அடித்து வைத்திருந்தான். கடைசி விசையை அழுத்துவதுதான் பாக்கி.

வியாழக்கிழமை கடிதம் வந்தது. தரம் நிர்ணயிக்கும் குழு ஒன்று ஹம்ஸை ஏற்றுக்கொண்டிருந்தது. இனி உலகத்தில் செய்யப்படும் ஒவ்வொரு தொலைபேசியிலும் ஹம்ஸ் இருக்கும், தர ஆவணத்தின் முதல் பக்கத்தில் நௌஃபல் கம்மூன் என்ற பெயர் இருக்கும். நிபந்தனை இரண்டுதான். கையெழுத்தில்லாத திருத்தம் ஒன்றுகூட இருக்கக்கூடாது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நிரலை உறையவைத்துவிட வேண்டும், அதன்பின் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

நௌஃபல் தன் எண்ணத்தைச் சொன்னதும் மெஜ்தி தொலைபேசியில் கத்தினான். "இருபது வருஷ உழைப்புடா! ஒரு குலவைக்காகவா?"

நௌஃபல் மதிய லுஹர் தொழுகை நேரத்திலிருந்து பிற்பகல் அஸர் வரை திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அடித்து வைத்த கட்டளையை எழுத்தெழுத்தாக அழித்தான். மாடியில் தலெந்தா கல்யாண உடுப்பைப் பெட்டி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை படியேறினான். இரண்டு முறையும் இறங்கி வந்தான். கோழை என்று சொன்னால் அவனே ஒத்துக்கொள்வான்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு ஹம்ஸ் உறைந்தது. ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு, துனிஸ் சாலை மண்டபத்தில் ஸிரீன் காலெடுத்து வைத்தாள். தலெந்தா எல்லாருக்கும் முன்னால் போய் நின்றாள். காதில் புதுத் தோடு. தம்பியைத் திரும்பிப் பார்த்து, நேரமாச்சா என்று புருவத்தை உயர்த்தினாள். அவன் தலையை ஆட்டினான். ஆட்டாமல் இருந்திருக்கலாம். அவள் தலையைப் பின்னால் சாய்த்து, கையை மேலுதட்டின் மேல் குவித்து, நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் தெறித்தது. மூச்சு தீரும்வரை போட்டாள். மறுமூச்சு இழுத்து இன்னொன்றும் போட்டாள். சுற்றி நின்ற பெண்களின் குலவை மண்டபத்தை நிறைத்தது, அவளுடையது அதில் இல்லை. அவள் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸிரீன் அம்மாவின் திறந்த வாயைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் பக்கம் திரும்பி, சங்கடத்தோடு சிரித்தாள். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, "சம்பந்தியம்மாவுக்குக் கொட்டாவி வருது போல, பாவம், வேல ஜாஸ்தி" என்றாள். அதற்குப் பிறகு தலெந்தா வாயை மூடிக்கொண்டு, வந்தவர்களுக்குப் பலகாரத் தட்டை நீட்டினாள்.

ஸிரீன் மார்செய்க்குப் போனாள். தொலைபேசியில் மாமனை மட்டும் கூப்பிட்டுப் பேசினாள், பிறகு அதுவும் குறைந்தது. கல்யாணம் முடிந்த திங்கட்கிழமை மதியம் தலெந்தா மைக் முன்னால் வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். வாய் அசைந்தது. ஹெட்ஃபோனில் ஒன்றும் வரவில்லை, திரையில் ஒலிக்கோடு தட்டையாகக் கிடந்தது. நௌஃபல் மைக்கை மாற்றினான். ஒயரை மாற்றினான். 2.2-ஐ முதலிலிருந்து தொகுத்துப் பார்த்தான். அவள் தினமும் வந்து உட்கார்ந்தாள், தினமும் வாயை அசைத்தாள், அரைமணி நேரம் கழித்து எழுந்து போனாள். தலெந்தா அசைத்தது வெறும் வாயைத்தான். அவள் தொண்டையில் விரலை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவன் மூன்று மாதம் நிரலைத்தான் வரிவரியாகப் படித்தான்.

அக்டோபரில், 2.2-ஐப் பற்றித் தான் பதிந்து வைத்திருந்த பிழைப் புகாரைத் தானே மூடினான். 2.2-இல் குறை ஏதுமில்லை, உள்ளே வருவது வெளியே போகிறது, என்று எழுதினான். விதிப்படி மெஜ்தி கையெழுத்துப் போட்டான். தலெந்தா நாற்காலிக்குப் பின்னால் நின்று அதைத் திரையில் படித்தாள். படித்து முடித்ததும் தம்பியின் தோளைத் தட்டி, சாப்பாடு ஆறுகிறது என்று கையால் காட்டினாள்.