மூன்றாவது படம்

சவப்பெட்டிக்கு எதிரே கேமரா ஸ்டாண்டின் மூன்று கால்களையும் ஈரமண்ணில் மிதித்து ஊன்றினாள் கித்தேரி. ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை ஒரு காலை நீட்டிச் சுருக்கினாள்.

"இன்னும் என்னடி சோலி? மேகம் எறங்குது. சாமியார் கல்லறைத் தோட்டத்துல காத்துக் கெடக்காரு" என்றார் அடைக்கலம் மாமா.

அவள் நிமிரவில்லை. ஸ்டாண்டின் தலையில் சுழலும் தகட்டில், பெட்டிக்குள் கிடக்கும் அப்பா லூர்துசாமி ஆணியால் கீறிய கோடு இருந்தது. கேமராவை அந்தக் கோடுவரை பின்னுக்கு இழுத்து முடுக்கினாள். தகடு சுழலும் அச்சு லென்சுக்கு நேர் கீழே இருந்தால்தான், கேமராவைத் திருப்பித் திருப்பி எடுக்கும் படங்களை ஒரே நீளப் படமாக ஒட்ட முடியும். பள்ளிக்கூடத்து நானூறு பிள்ளைகளை அவர் இப்படித்தான் எடுப்பார். ஒருமுறை கித்தேரி கோடு தவறி வைத்ததில் ஹெட்மாஸ்டருக்கு மூன்று காது வந்தது. அப்பா அன்று முழுக்கச் சிரித்தார்.

ஊரையே எடுத்தவர் எந்தப் படத்திலும் இல்லை.

"ஒங்கப்பனும் தாசும் சேந்து நின்ன படம் ஒண்ணு கெடையாதுடி" என்று காலையில் அம்மா சொல்லியிருந்தாள். அதைத் தவிர அவள் எதுவும் கேட்கவில்லை.

அண்ணன் ஆரோக்கியதாஸ் மன்னவனூர் ஆட்டுப்பண்ணையில் இருந்தான். அப்பாவின் பழைய கேமராவை விற்றுக் குடித்துவிட்டுப் போனவன். மூன்று வருடம் பேச்சில்லை. தந்தி போயிற்று. பூம்பாறைப் பக்கம் மரம் விழுந்து பஸ் நிற்கிறது என்றார்கள்.

தகட்டைச் சுற்றிய வளையத்தில், கேமராவைத் திருப்பி நிறுத்த மூன்று சிவப்புப் புள்ளிகள். முதல் புள்ளியில் சொந்தக்காரர்கள். இரண்டாவதில் பெட்டி, தலைமாட்டில் அம்மா. மூன்றாவதில் பிளம்ஸ் மரமும் வெறுந்தரையும். முதல் இரண்டையும் எடுத்தாள்; மூன்றாவதை எடுக்கவில்லை.

"தூக்குங்க மாமா. பெட்டி வச்ச பெஞ்சை நகட்டாதீங்க. ஸ்டாண்டுல யாரும் இடிச்சிராதீங்க."

"நீ வரல?"

"இல்ல."

"பெத்தவனுக்கு ஒரு பிடி மண்ணு போடப் போகாம, மூணு காலுக்குக் காவல் நிக்கா பாரு" என்றாள் பக்கத்து வீட்டுச் சோலையம்மாள், காதுபடவே.

கோயில் மணி அடித்து ஓய்ந்தது. மேகம் முற்றத்தை மூடி, விலகியது. குமிழி நகரவில்லை. பார்க்க வேறெதுவும் இல்லாததால் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்குத் தாஸ் வந்தான். பஸ்ஸை விட்டு நடந்தே வந்திருக்கிறான். முழங்கால்வரை சேறு, சட்டையில் ஆட்டு வாடை.

"அப்பா எங்க?"

"எடுத்தாச்சு. ஒரு மணிக்கே."

காலியான பெஞ்சை நோக்கி நடந்தான்.

"அதத் தொடாதண்ணே. அந்த மரத்தடியில நில்லு."

"என்னத்துக்கு?"

"ஒனக்கு எடம் விட்டிருக்கேன். மத்த படத்தோட ஒட்டிக்கிரலாம்."

"அவரு சொன்னாரா?"

"இல்ல. அம்மாதான்."

"உசுரோட இருந்தா என்னைய நிக்க விட்டிருப்பாரா?"

"மாட்டாரு. நில்லு."

நின்றான். அவள் வளையத்தை மூன்றாவது புள்ளிக்குத் திருப்பினாள்.

"பெட்டி எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"ஒன் வலது பக்கம்."

"ஒசரம்?"

"இடுப்பளவு."

தாஸ் உள்ளங்கைச் சேற்றைச் சட்டையில் துடைத்தான். வலது கையை இடுப்பளவில் நீட்டி, ஒன்றுமில்லாத இடத்தில் மெல்ல வைத்தான். கை நடுங்கியது.

"ஆடாம வையிண்ணே."

அது நிற்கும்வரை கித்தேரி பித்தானை அழுத்தவில்லை.