இரண்டு மிதி, ஒரு மௌனம்

...ஆக்ஸிலரேட்டரில் இரண்டு மிதி, அப்புறம் எட்டு எண்ணும்வரை மௌனம், அப்புறம்தான் சாவி, அதில் சந்தேகமில்லை, முப்பத்தொரு வருடம் சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டதாயிற்றே, மிதியின் கிறீச் கிறீச், பிறகு ஒன்றுமில்லை, அந்த ஒன்றுமில்லாத நேரத்துக்குள் வெர்னா வாணலியில் முட்டையைத் திருப்பிப் போட்டுவிடுவாள், பிறகு இன்ஜின் உறுமும், டுவேன் வேலைக்குக் கிளம்பிவிட்டான்... இன்று அவனுடைய இருக்கையில் அவள், பின்னால் தெருவை அடைத்துக்கொண்டு பதினோரு வேன்கள். இறந்தவனின் வேன்தான் முன்னே போக வேண்டும், சொந்தச் சக்கரத்தில், வீட்டு ஆள் ஓட்ட, இழுத்துக்கொண்டு போனால் அது இறுதி ஊர்வலமே இல்லை, வேன்காரர்கள் சங்கத்தில் எல்லோருக்கும் அப்படித்தான். பத்து மணிக்குள் பாலத்தைக் கடக்கத்தான் போலீஸ் அனுமதி. இப்போது ஒன்பதே முக்கால். சங்கத்து மெக்கானிக் ரூடி இரண்டு முறை முயன்று இன்ஜினைப் பெட்ரோலில் மூழ்கடித்து, காயவிட்டு, இப்போது ஜன்னலில் தொங்கிக்கொண்டிருக்கிறான். "தாயே, இன்னொரு தடவை மூழ்கடிச்சே, அவ்வளவுதான். டுவேன் மேலேருந்து என்னைத்தான் திட்டுவான்." "நீ வாயை மூடுடா, நான் எட்டு எண்ணணும்." பின்னாலிருந்து யாரோ, "அவ வீட்டுக்காரனையே ஓட்டினவ, வேன் எம்மாத்திரம்!" சிரிப்பு. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, சாவியைத் துளையில் நுழைத்தாள்.

ஆரஞ்சு நிறக் கம்பளத்தின் வாசனை, புகையிலை, பழைய மழை. எழுபத்தேழில் இந்தியானாவின் சோளக்காட்டில் வேன் திருவிழா, நானூறு வேன்கள், அவளும் டுவேனும் இதே பின்படுக்கையில் படுத்து வட்ட ஜன்னலில் நட்சத்திரம் பார்த்தார்களே, பக்கச் சுவரில் அவன் வரைந்த ஓநாய்க்கு அப்போது ஒரு கண்தான், மறு கண்ணுக்குப் பெயிண்ட் தீர்ந்திருந்தது... அது இருக்கட்டும், மிதி. கிறீச். கிறீச். ஒன்று. எதுக்குடா இந்தக் காத்திருப்பு என்று ஒருமுறை கேட்டாள், "பெட்ரோல் இறங்கணும்ல" என்றான். இரண்டு. எண்பத்தொன்பதில், பெரிய சண்டைக்கு மறுநாள், மௌனம் நீண்டுகொண்டே போய் முட்டை கருகிவிட்டது, ஏன் என்று கேட்கவில்லை, கேட்டிருக்கலாம். மூன்று... விரல் அவசரப்பட்டது, சாவி தானாகவே திரும்பிவிட்டது, ஐயோ, இன்னும் ஐந்து...

உறுமியது. உடனே, ஒரு இருமல்கூட இல்லாமல். தெரு முழுக்க ஹாரன், ரூடி கதவைத் தட்டிக் கத்துகிறான், "எட்டு எண்ணணும்னியே, என்னாச்சு?" "அவன் எண்ணுவானே... பெட்ரோல் இறங்க." "யாரு சொன்னா? கார்புரேட்டரை மாத்தினவன் நான். மிதிச்சா திருப்பவேண்டியதுதான், இதுக்கு ஒரு நாளும் காத்திருப்பு தேவைப்பட்டதில்ல."

கியரில் கைவைத்தாள். வலப்பக்கப் பின்பார்வைக் கண்ணாடியில் சமையலறை ஜன்னல், மஞ்சள் திரை, அடுப்பின் ஓரம்கூடத் தெரிகிறது. முன்கண்ணாடியில் தெரு நேராக ஓடி நெடுஞ்சாலையில் ஏறுகிறது. தினமும் எட்டு எண்ணும் நேரம், முப்பத்தொரு வருடம்... இந்த இரண்டில் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்? "வெர்னா, வழி விட்டுட்டாங்க, போ!" அவள் போகத்தான் போகிறாள், இதோ, ஒன்று, இரண்டு...