இரண்டு கொ. பழமலை

எங்கள் பீங்கான் கம்பெனியின் தொழிலாளர் விவரமெல்லாம் விலைக்கு வாங்கிய டேட்டாபேஸில் இருந்தது. வருடா வருடம் லைசென்ஸுக்குப் பணம் அழ வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸுக்கு மாறலாம் என்று மேனேஜர் கோதண்டபாணியிடம் மல்லுக்கு நின்றவள் நான்தான்.

“ஓசியில வர்றது ஒழுங்கா இருக்குமா துர்கா? காசு வாங்குறவங்கன்னா ஆளு அனுப்பி, சரிபாத்து, புது வெர்ஷனுக்கு மாத்திக் குடுப்பாங்க.”

“அதுக்குத்தான் நான் இருக்கேனே சார்” என்றேன். வாய்க்கொழுப்பு.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றினேன். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு நம்பர் கிடையாது. இனிஷியலும் பெயரும்தான் அடையாளம் என்று வைத்தேன். ஒரே பெயர் இரண்டு முறை வருகிறது என்று பதினோரு இடத்தில் போஸ்ட்கிரெஸ் ஏற்க மறுத்தது. யாரோ தவறி இரண்டு தடவை ஏற்றியிருக்கிறார்கள் என்று நினைத்து, இரண்டாவதைத் தள்ளிவிடச் சொன்னேன். விருத்தாசலத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். சாமி பெயரில் தெருவுக்கு நாலு பழமலை, நாலு கொளஞ்சி இருப்பது எனக்குத் தெரியாதா? புத்தி எங்கே மேயப் போனதோ.

தள்ளியதில் ஒன்று, கல்லையும் மண்ணையும் பொடியாக்கும் அரைவைப் பிரிவு கொ. பழமலையின் நெஞ்சு எக்ஸ்ரே ரிப்போர்ட். நுரையீரலில் தூசு படிந்திருக்கிறது, உடனே வேறு பிரிவுக்கு மாற்றவும் என்று அதில் இருந்தது. மிஞ்சியது பேக்கிங் பிரிவு கொ. பழமலையின் ரிப்போர்ட். அவர் நெஞ்சு சுத்தம். அரைவைக்காரர் இன்னும் பதினான்கு மாதம் அந்தத் தூசிலேயே நின்றார்.

அவர் மூச்சுத் திணறி விழுந்த பிறகுதான் பழைய டேட்டாபேஸின் நகலைத் திறந்து பார்த்தேன். “அப்பவே சொன்னன்ல, ஓசிச் சரக்குன்னு” என்றார் கோதண்டபாணி. தப்பு சரக்கில் இல்லை, என்னிடம்தான் என்று நான் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றும் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஒரு வாரம் பொறுத்து அரைவைப் பழமலையின் வீட்டுக்குப் போனேன். ஆக்சிஜன் குழாயோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். அவர் மனைவி விருத்தாம்பாள் டீ கொடுத்தபடி சொன்னார்.

“கம்ப்யூட்டரு பண்ண தப்புன்னு சார் சொன்னாரும்மா. நீ இன்னா பண்ணுவ, வுடு.”

“கம்ப்யூட்டரு சரியாத்தாங்க சொல்லிச்சு. நான்தான் கேக்கல. ரெண்டு பேரையும் ஒருத்தருன்னு நெனச்சிட்டேன்.” சொல்லிவிட்டு அழுதேன்.

அந்தம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பழமலைதான் குழாயை விலக்கிவிட்டுக் கேட்டார்.

“என் எடத்துல... இப்ப யாரும்மா நிக்கிறது?”

பேக்கிங்கிலிருந்து அந்த இன்னொரு பழமலையைத்தான் போட்டிருந்தார்கள். அவர் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று ரிப்போர்ட் எடுத்துக் கொடுத்தவளும் நான்தான்.