பாட்டு எண் பலகை

கிறிஸ்துமஸுக்குப் பிறகு என் வீட்டுக்காரர் எட்மண்ட் சர்ச்சுக்கு வருவதை நிறுத்திவிட்டார். கடவுள் மேல் கோபம் இல்லை, மனிதர்கள் மேல்தான். காது மந்தமாகி இரண்டு வருடமாகிறது. காதில் மெஷின் மாட்டியும், ஃபேன் சத்தமும் மைக் இரைச்சலும் சேர்ந்துவிட்டால் பாஸ்டர் சொல்லும் பாட்டு எண் அவருக்குப் பிடிபடாது. கிறிஸ்துமஸ் ஆராதனையில் சபையே ஒரு பாட்டைப் பாட, பாடகர் குழுவில் கம்பீரமாகப் பாடிப் பேர் வாங்கிய மனிதர் வேறொரு பாட்டைத் தன்னந்தனியாக இரண்டு வரி பாடினார். பக்கத்து வரிசையில் சிரித்தார்கள். காது கேட்காதவருக்கும் சிரிப்பு மட்டும் கண்ணில் பட்டுவிடுகிறது.

அதிலிருந்து ஞாயிறு காலையில் நான் புடவை கட்டிக் கிளம்பினால், "நீ போய்ட்டு வா" என்று பேப்பருக்குப் பின்னால் மறைந்துகொள்வார். வீட்டிலும் பாட்டு நின்றுபோனது. பாடாத எட்மண்டோடு குடித்தனம் நடத்தி எனக்குப் பழக்கமில்லை. கோபம் வந்தால் உட்கார்ந்து அழுகிற ரகமும் நான் இல்லை.

சர்ச்சில் மரப்பலகை ஒன்று உண்டு. அன்றைய பாட்டு எண்களை முன்கூட்டியே அதில் மாட்டி வைப்பார்கள். ஆனால் பிரசங்கம் சூடுபிடித்தால் எங்கள் பாஸ்டர் பாட்டை மாற்றிவிடுவார், பலகை பழைய எண்ணோடு தேமே என்று தொங்கும். டிவி வைக்கலாமே என்று கமிட்டியில் கேட்டேன்.

"இது சர்ச்சா, சினிமா தியேட்டராம்மா?" என்றார் செயலாளர் ஜீவரத்தினம்.

"எண் மட்டும் காட்டுற சின்னப் பலகை சார். நானே செஞ்சு தர்றேன்."

"சரி, ஒரு ஞாயிறு பாப்போம். குழப்பம் வந்தா கழட்டிடணும்."

கிழக்குத் தாம்பரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறவள் நான். இதென்ன பிரமாதம் என்று எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய், புரோகிராம் எழுதி ஓட்டுகிற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு இரண்டு வாங்கி வந்தேன். ஒன்று கீபோர்டு வாசிக்கும் டெனிஸின் பக்கத்தில் இருக்கும், அவன் எண்ணை அழுத்துவான். இன்னொன்று முன்தூணில் இருக்கும் சிவப்பு விளக்குப் பலகையில் அந்த எண்ணைக் காட்டும். நடுவில் ஒரு வயர். ஆழம் தெரியாமல் காலை விட்டிருக்கிறேன் என்பது வேலையைத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

சாப்பாட்டு மேசையில் வைத்து இணைத்தேன். ஒன்றும் வரவில்லை. ஒரு போர்டின் அனுப்பும் முனையை மற்றதன் அனுப்பும் முனையோடு கட்டியிருந்தேன். இரண்டும் பேசிக்கொண்டிருக்கின்றன, கேட்கத்தான் ஆளில்லை, கமிட்டிக் கூட்டம் மாதிரி. ஒன்று அனுப்புவது மற்றதன் வாங்கும் முனைக்குப் போகும்படி மாற்றினேன். இரண்டுக்கும் பொதுவாக ஒரு கிரவுண்ட் வயரும் இழுத்தேன். இப்போது வாங்கும் போர்டோடு இணைத்திருந்த லேப்டாப்பில் என்னவோ வந்தது. நாற்பத்திரண்டு அனுப்பினால் கேள்விக்குறியும் கட்டமும் கோணல்மாணல் எழுத்துமாகக் கொட்டியது.

எட்மண்ட் டீயோடு வந்து எட்டிப் பார்த்தார். "என்ன பாஷை இது?"

நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "ரெண்டும் ஒரே வேகத்துல இருக்கணும். அது வேகமா சொல்லுது, இது மெதுவா கேக்குது. அதான் ஏதோ வருது, ஆனா எண் வரமாட்டேங்குது."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் இதேதான் கிறிஸ்டி. சத்தம் வருது. வார்த்தை வரமாட்டேங்குது."

எந்த டாக்டரும் அதை எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. வேகத்தைச் சரிசெய்தேன். திரையில் நாற்பத்திரண்டு வந்ததும் அவர் டீ கிளாஸை வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம் அந்த வாரம் முழுக்க மாலையில் வயரைப் பிடித்துக்கொள்வது அவர் வேலையாயிற்று.

சனிக்கிழமை சர்ச்சில் சுவரோரமாக நீள வயரை ஒட்டினோம். டெனிஸ் எண்ணை அழுத்திவிட்டுக் கத்தினான். "இன்னாக்கா இது, நான் ஒண்ணு அடிச்சா அது ஒண்ணு காட்டிகினு கீது! பேஜாரா பூடும்க்கா!"

வீட்டு மேசையில் முழ நீள வயரில் ஓடியது, இந்தத் தூரத்துக்குத் தடுமாறியது. வேகத்தை நன்றாகக் குறைத்தேன். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை அனுப்பி, இரண்டும் ஒத்துப்போனால்தான் விளக்கு எரிய வேண்டும் என்றும் புரோகிராமில் எழுதினேன். அதற்குப் பிறகு டெனிஸ் என்ன அழுத்தினாலும் அப்படியே வந்தது.

"பலகை எரியுதான்னு பாக்க வர்றேன். பாட இல்ல" என்றார் எட்மண்ட். அது போதும் எனக்கு.

ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் முதல் பாட்டை அறிவித்தார். தூணில் 176 சிவப்பாக எரிந்தது. சபை முழுக்க அதைத்தான் பார்த்தது. புதுப் பலகையைப் பார்க்கிற ஆசையில் பாஸ்டர் சொன்னதை முழுதாக யாரும் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் சர்ச்சில் பாட்டுப் புத்தகம் இரண்டு. மேல்நாட்டு மெட்டில் பாடும் ஞானப்பாட்டுக்கு ஒன்று, நம் ராகத்தில் பாடும் கீர்த்தனைக்கு ஒன்று. இரண்டிலும் 176 உண்டு. வேகம், வயர், கிரவுண்ட் என்று அத்தனையும் யோசித்தவள், எந்தப் புத்தகம் என்று காட்ட ஓர் எழுத்துப் போடவில்லை.

டெனிஸ் ஞானப்பாட்டை வாசித்தான். ஆண்கள் பக்கத்திலிருந்து கணீரென்று ஒரு குரல் கீர்த்தனையைத் தொடங்கியது. எட்மண்ட்! பாட வரவில்லை என்ற மனிதர் எண்ணைப் பார்த்ததும் தன்னை மறந்துவிட்டார். மறுபடியும் அதே அவமானம், இந்த முறை என் கையால்.

யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் கையிலும் கீர்த்தனைதான் திறந்திருந்தது. பக்கவாட்டு பெஞ்சில் சபையைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஜீவரத்தினம், தான் திறந்து வைத்திருந்த கீர்த்தனையின் வரிகளே காதில் விழ, நிம்மதியாகக் கூடப் பாடினார். அப்புறம் பெண்கள் பக்கம் நாலைந்து குரல். டெனிஸ் வாசிப்பதை நிறுத்தி, விழித்து, கீர்த்தனை மெட்டுக்கு மாறினான். பாஸ்டரும் புத்தகத்தை மாற்றிக்கொண்டார். கடைசிச் சரணத்தில் சபை மொத்தமும் எட்மண்டின் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது.

வாசலில் எட்மண்டே ஆரம்பித்தார். "எந்தப் புத்தகம்னு போடாம விட்டுட்ட."

"தெரியுமா உங்களுக்கு?"

"ரெண்டாவது வரியிலயே. உன் வாயைப் பாத்தேன், நீ பாடல. முன்னால பாத்தேன், டெனிஸ் முழிக்கிறான்."

"அப்போ ஏன் நிறுத்தல?"

"ஜீவரத்தினம் வாயையும் பாத்தேன். அவரு என் பாட்டுக்கு வந்துட்டாரு. நான் நிறுத்தியிருந்தா அந்த மனுஷன் தனியா மாட்டியிருப்பாரு." செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டே சொன்னார், "தனியா மாட்றது கஷ்டம் கிறிஸ்டி."