வலது பக்கத்து இரைச்சல்

அலமாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து அவர் பழைய கேபிள்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, உள்ளறையில் மனைவி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா வீட்டுக்குப் போகிறாள். எப்போது திரும்புவாள் என்று சொல்லவில்லை.

ஒலிப்பதிவுக்கூடத்தில் இசைக் கலவை அவர் வேலை. பாடகருக்குச் சளி பிடிக்கப் போவதை மூச்சிலேயே கண்டுபிடிப்பார் என்பதால் அங்கே அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். அந்தக் காதுக்குத்தான் சில மாதங்களாக வீட்டின் வலது ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல் கேட்டது. பாட்டும் அந்தப் பக்கம் மங்கல். கூடத்தில் அப்படி இல்லை என்று சொல்லிக்கொண்டார். அங்கே ஏசி ஓடிக்கொண்டே இருக்கும்.

"ஒரு மீட்டருக்கு சாதா ஒத்தக் கம்பி, சிங்கிள் எண்டடே தாராளம் சார். பேலன்ஸ்டெல்லாம் மேடையில நீளமா இழுக்கிறவங்களுக்கு" என்றிருந்தார், புதுக் கேபிள் வாங்கப் போனபோது கடைக்காரர்.

"எனக்குக் கேக்குதுய்யா."

அதற்கு மேல் அவரிடம் யாரும் வாதாடுவதில்லை.

பேலன்ஸ்டு கேபிளில் ஒரே பாட்டை இரண்டு கம்பிகள் சுமக்கின்றன, ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக. வழியில் தொற்றும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். முடிவில் தலைகீழானதைத் திருப்பிச் சேர்க்கும்போது பாட்டு தங்கும், இரைச்சல் தன்னைத்தானே தின்றுவிடும். இதைவிட நேர்மையான ஏற்பாட்டை அவர் வாழ்க்கையில் வேறெங்கும் பார்த்ததில்லை.

மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"கிளம்புறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றார் படுத்தபடியே.

"கேட்டேனே."

"எப்போ?"

"சோபாவுல, உங்க பக்கத்துல உக்காந்து. போகட்டுமா, இருக்கட்டுமா, நீங்களே சொல்லுங்கன்னு கேட்டேன். ஒரு 'ம்' வரல. கண்ணை மூடிக்கிட்டு பாட்டுல இருந்தீங்க. சரி, இதான் பதில்னு எடுத்துக்கிட்டேன்." சிரித்தாள். "ஊருக்கெல்லாம் காதுக்காரர்!"

பொய் சொல்கிறாள் என்று நினைத்தார். அப்படி ஒரு கேள்வி காதில் விழுந்திருந்தால் மறந்திருக்குமா? இரு என்று சொல்லியிருப்பார். சொல்லியிருப்பார்தான்.

அவள் உள்ளே போனாள். புதுக் கேபிள்களைச் செருகிவிட்டு, சோபாவில் தன் வழக்கமான இடது ஓரத்தில் உட்கார்ந்தார். இரைச்சல் அப்படியே இருந்தது. எழுந்துபோய் இடதையும் வலதையும் மாற்றிச் செருகினார். கேபிளில் கோளாறு என்றால் இரைச்சல் இடம் மாற வேண்டும். மாறவில்லை. ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி நின்றார். இப்போது வலப்பக்கம் இருந்தது இடது ஸ்பீக்கர். இரைச்சல் அதில் வந்தது. எல்லாவற்றையும் அணைத்துச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார்.

அப்போதும் கேட்டது.

சோபாவின் காலியான வலது பாதியைப் பார்த்துக்கொண்டே நின்றார். மெத்தையில் அவள் உட்கார்ந்து உட்கார்ந்து பதிந்த பள்ளம் இருந்தது. இப்போது சொல்லிவிடலாம். ஆனால் அவளிடம் சொன்னால் அது நிஜமாகிவிடும். பிறகு கூடத்திலும் சொல்ல வேண்டும். காதில்லாத காதுக்காரரை யார் வைத்துக்கொள்வார்கள்?

இடப்பக்க ஜன்னலுக்கு வெளியே கார் ஹாரன் விடாமல் அடித்தது. அவர் அலமாரியின் முன் குந்தி, கழற்றிய பழைய கேபிளைச் சுருட்டத் தொடங்கினார். எதிரே அலமாரிக் கண்ணாடியில் அவள் உருவம் வலப்பக்கமாக வந்து நின்றது. கையில் பெட்டி. உதடுகள் அசைந்தன, சொல் எட்டவில்லை. நின்றன. மறுபடி, நிதானமாக, ஏதோ கேட்பதுபோல் அசைந்தன.

திரும்பாமலே, கண்ணாடியைப் பார்த்து, அவர் தலையாட்டினார்.