வேலி வெட்டுகிறவர்

ஒதில் சிரித்துவிட்டாள். அடக்குவதற்குள் வெளியே வந்துவிட்டது. வாய்க்குள் அமுக்கிவிடக்கூடிய சிரிப்பும் இல்லை. வயிற்றிலிருந்து கிளம்பி நகராட்சி அரங்கின் கூரைவரை போன சிரிப்பு. அரங்கமே சிரித்துக்கொண்டிருந்தது என்பது உண்மைதான். ஆனால் ஊர் சிரிப்பது வேறு, பக்கத்து நாற்காலியில் பெண்டாட்டி சிரிப்பது வேறு. ஜில்பேர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. வீடு மாறிக் கதவைத் தட்டிவிட்டவர் முழிப்பாரே, அப்படி ஒரு பார்வை. பிறகு திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரையில் நின்றதும் அவர்தான். தேய்த்த சட்டை, கையில் பெரிய கத்தரி, வீட்டு முன்னால் தோளளவு செடிவேலி. நாலடி பின்னால் போகிறார், ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார், திரும்பி வந்து ஒரே ஒரு இலையை வெட்டுகிறார். மறுபடி நாலடி பின்னால். அப்போது கேமரா மெல்ல உயரே போகிறது. தெரு நெடுக வீடுகள், ஒவ்வொரு வீட்டு வேலிக்கும் ஓர் ஆள். எல்லாரும் ஒன்றாகப் பின்னால் போகிறார்கள், ஒன்றாகக் கண்ணை மூடுகிறார்கள், ஒன்றாக ஓர் இலையை வெட்டுகிறார்கள். மற்றவர்களெல்லாம் நடிகர்கள். அவர்களைப் பிறகு தனியாகப் படம்பிடித்துச் சேர்த்திருந்தார்கள். ஜில்பேருக்கு அது இந்த நிமிஷம்வரை தெரியாது.

போன கோடையில் ஓர்லேயான் நகருக்கு வெளியே இருக்கும் அவர்கள் குடியிருப்பில் படமெடுக்க வந்தார்கள். இயக்குநர் மாயெல் சின்னப் பெண், மரியாதையான பெண். எப்போதும் செய்வதைச் செய்தால் போதும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டாள். செய்தார். திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னாள். ஜில்பேருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஒரு தடவையில் திருப்தியடையாத பெண், நேர்த்தி என்றால் என்னவென்று தெரிந்தவள் என்று அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் வாய் ஓயாமல் பேசினார். ரயில்வேயில் கால அட்டவணை போடும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். அதற்குப் பிறகு அவர் சரியாக வைத்துக்கொள்வதற்கென்று உலகத்தில் மிச்சமிருந்தது அந்த வேலி ஒன்றுதான். இன்றைக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

படத்தில் வஞ்சகம் எதுவும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். சாயங்காலமானால் தெரு முழுக்க ஒரே மூச்சில் இறங்கும் ஜன்னல் ஷட்டர்கள், விருந்தாளி போனதும் கதவுப்பிடியைத் துடைக்கும் அம்மாள், ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாமலே நடந்து முடியும் அண்டைவீட்டார் விருந்து என்று எல்லாரையும்தான் அது கிண்டல் செய்தது. கிண்டலுக்கு ஆளானவர்களே கைதட்டினார்கள். முடிந்ததும் மாயெல் ஓடிவந்து ஜில்பேரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, படத்தின் உயிரே நீங்கள்தான் என்றாள். எதிர்வீட்டுத் தெவனோ அவர் தோளைத் தட்டிவிட்டு ஒரு கண்ணை மூடிக் காட்டினார். ஜில்பேர் இருவருக்கும் நன்றி சொன்னார்.

வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். வாசலில் சாவியைத் துழாவியபடி, நிமிராமல் கேட்டார்.

"எல்லாருக்கும் முன்னாடி உன் சத்தம்தான் கேட்டுது. இத்தனை வருஷமும் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டுதான் இருந்தியா?"

 ஆமாம், ஒதில் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சனிக்கிழமை சனிக்கிழமை அடுப்படி ஜன்னலில் நின்று, அவர் கண்ணை மூடுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்பு இருந்ததால்தான் வாரமே அவளுக்கு நகர்ந்தது. அதற்குப் பெயர் பிரியம் என்று இப்போது எந்த வாயால் சொல்வது? சொன்னால் சமாளிக்கிறாள் என்றுதான் படும்.  அவர் கதவைத் திறந்து உள்ளே போனார்.

அந்தச் சனிக்கிழமை அவர் வேலிக்குப் போகவில்லை. தெருப்பக்க ஷட்டரையும் ஏற்றவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார். அடுத்த வாரமும் அப்படியே. சாப்பிட்டார், தூங்கினார், உப்பு வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றார். அவள் மன்னிப்புக் கேட்டபோது, "வேடிக்கைதானே, விடு" என்று எழுந்து போய்விட்டார். வசந்தம் முற்றி வேலி தலைக்குமேல் பரட்டையாக எழும்பியது. முதலில் கேலி பேசிய தெவனோ பிறகு பேசுவதை விட்டார். ரொட்டிக்கடை வரிசையில் ஒதிலை ஓரமாகக் கூப்பிட்டு, அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். மனுஷன் உட்கார்ந்த இடத்திலேயே கரைந்துபோய்விடுவாரோ என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை காலை அவள் கராஜிலிருந்து ஏணியையும் கத்தரியையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் அத்தனை பேரும் புல் வெட்டிக்கொண்டிருந்த நேரம். அவள் கத்தரியைப் பிடித்ததே இல்லை. முதல் வெட்டிலேயே வேலியில் ஒரு பூனை படுக்கும் அளவுக்குப் பொந்து விழுந்தது. அதைச் சரிக்கட்டப் போய்ப் பக்கத்தில் இன்னொன்று. இறங்கி, நாலடி பின்னால் போய்ப் பார்த்தாள். கோணல் எங்கே ஆரம்பிக்கிறது என்று பிடிபடவில்லை. ஒரு கண்ணை மூடினாள். சட்டென்று கோடு தெரிந்தது. அட, இதற்குத்தானா! அதுவரை அவள் அதை அவருடைய கோணங்கித்தனம் என்றே நினைத்திருந்தாள். 

எதிரே தெவனோ புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்துவீட்டு வேலிக்கு மேல் இரண்டு தலைகள் முளைத்தன.  சிரிக்கட்டும் என்று மறுபடி ஏணியில் ஏறி, தெரிந்த மட்டும் வெட்டினாள். தோள் கழன்றுவிடும்போல வலித்தது.

பின்னால் ஷட்டர் கரகரவென்று ஏறும் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது, சரளைக்கல்லில் வீட்டுச்செருப்பு நடந்து வந்தது.

"நீ வெட்டல ஒதில், கடிச்சு வச்சிருக்க."

"ஆமா."

"தெருவே உன்னைப் பாத்துச் சிரிக்குது."

"தெரியும். ஏணி ஆடுது, ஜில்பேர்."

அவர் கத்தரியைக் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை. எதிரே தெவனோ இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். ஜில்பேர், வெட்டி விழுந்த தழைமேல் ஏறி நின்று, இரண்டு கையாலும் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பினார்.